சிங்கத் தலையின் உள்பக்கம்

ரப்பர் கோட்டிங் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறவன் ஏமாந்துபோவான். மேலே தோல் கட்டியிருக்கும், அடியில் ஈரம் இருக்கும். மூக்கை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். இருபத்தொரு வருஷம் பெங்களூர் சிவாஜிநகரில் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று கார்களோடு காலம் தள்ளியவன் நான். எத்தனையோ வண்டிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு ரப்பர் அடித்திருக்கிறேன். ஆனால் இந்தப் பாடத்தை எந்த வண்டியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு சிங்கத் தலையில் கற்றுக்கொண்டேன், அதுவும் எங்கள் மாமாவின் செலவில்.

எங்கள் சாந்திபுரம் என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சட்டென்று தெரியாது. குப்பம் என்றால் தெரியும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகிற ரயில் பாதையில் வருகிற ஊர். அங்கிருந்து பலமநேர் சாலையைப் பிடித்தால் சாந்திபுரம். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை. ஒரு பக்கம் தங்கவயல், இன்னொரு பக்கம் தமிழ்நாடு. எங்களுக்குக் கடையில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சந்தையில் யார் எதிரே நிற்கிறார்களோ அவர்கள் பாஷை. அப்பாவை நைனா என்போம். 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் திறந்தபோது எங்கள் பெரியப்பா, "நாம தெனம் பேசறதுக்கே காலேஜு கட்றாங்கடா" என்று சிரித்தார்.

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் கதை, ராத்திரியில் கூத்து, கடைசியில் மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன், அப்புறம் தீமிதி. எங்கள் கிராமத்துக் குழு பாரதக் கூத்தோடு இரணிய நாடகமும் ஆடும். அதில் நரசிம்மர் வேஷம் எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா கட்டினார். மற்ற வேஷக்காரர்களுக்கெல்லாம் கட்டை உண்டு. கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும். அவர்கள் அரிதாரம் பூசி முகம் எழுதிக்கொள்வார்கள், முகம் வெளியே இருக்கும். மாமாவுக்கு மட்டும் முகம் கிடையாது. தலை. முழுத்தலை.

அந்தத் தலையைப் போட்டுக்கொண்டு அவர் தூணுக்குள் உட்கார வேண்டும். மூங்கில் பிளாச்சைக் கட்டி, மேலே காகிதம் ஒட்டிய தூண். விடியற்காலை மூன்றரைக்கு உள்ளே போனால், இரணியன் பாடி ஆடி, பிரகலாதன் பதில் பாடி, கட்டியக்காரன் நடுவில் புகுந்து எதையாவது உளறி, கிழக்கு வெளுக்கும்போதுதான் தூண் கிழியும். இரணியன் வாங்கிய வரத்தின்படி பகலிலும் சாவு கூடாது, இரவிலும் கூடாது, வீட்டுக்கு உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. கதையில் அது அந்தி நேரம். கூத்தில் விடியலுக்கு மாற்றி வைத்துக்கொண்டோம், அதுவும் சந்திதானே. ஆனால் உள்ளேயும் வெளியேயும் இல்லாத இடம் என்று சொன்னது வாசற்படியை அல்ல, அந்தத் தலையைத்தான் என்று மாமா சொல்வார். ஒன்றரை மணி நேரம் அதற்குள் இருந்தவர் சொல்கிறார், நம்பத்தான் வேண்டும்.

தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்குப் பாகவத மேளா நடக்கிறது. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்களை அங்கே தமிழ்நாட்டில் ஆடுகிறார்கள். நாங்கள் ஆந்திராவில் தமிழ்க் கூத்து ஆடுகிறோம், கணக்கு சரியாகிவிட்டது. அங்கேயும் நரசிம்மருக்கு முகமூடி உண்டு. அதற்குப் பூஜை உண்டு, கட்டுகிறவருக்கு விரதம் உண்டு, அவருக்கு ஆவேசம் வந்தால் பிடித்துக்கொள்ள ஆட்களும் உண்டு. எங்கள் ஊரிலும் மாமாவின் இடுப்பில் வேட்டியைக் கட்டி இரண்டு பேர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பார்கள். சின்ன வயதில் அந்த இரண்டு பேரில் ஒருவனாக ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் பார்த்து வளர்ந்த தலை காகிதத் தலை. பெரியப்பா செய்தது. களிமண்ணில் சிங்க முகம் பிடித்து, காய்ந்ததும் மேலே சாம்பல் தடவி, அதன்மேல் பழைய பேப்பரைக் கிழித்துக் கிழித்து ஒட்டுவார். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை. அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவார், இல்லையென்றால் இராமபாணப் பூச்சி ஒரே வருஷத்தில் நரசிம்மரைத் தின்றுவிடும். பத்துப் பதினைந்து அடுக்கு ஆனதும் நிழலில் உலர்த்தி, பின்பக்கம் அறுத்து, மண்ணை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டித் தைப்பார். பிடரிக்குக் கத்தாழை நார், நாக்குக்குச் சிவப்புத் துணி.

வெளிவேலை முடிந்ததும் பெரியம்மாவின் பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து, அதே பசையில் நனைத்து, தலையின் உள்பக்கம் முழுக்க ஒட்டுவார். சுருக்கம் விழாமல், நெற்றி படுகிற இடத்தில் நாலு மடிப்பாக. "வெளிய தெரியறத ஊரு பாத்துக்கும். உள்ள இருக்கறத எவன் பாப்பான்?" என்று சொல்லிக்கொண்டே தடவுவார். வேர்வையை அந்தப் புடவைத் துணி குடித்துக்கொள்ளும். மறுநாள் தலையைக் கவிழ்த்து, பட்டுப்புழு கூடு கட்ட வைத்திருக்கும் மூங்கில் சந்திரிகையில் வைத்துக் காய வைப்போம். எல்லா வருஷமும் சரியாகக் காயாது. சில வருஷம் உள்ளே பூசணம் பிடித்து, மாமா திருவிழா முடிந்தும் இருமிக்கொண்டிருப்பார். பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அந்தத் தலைக்குள் ஒரு நாற்றம் இருந்தது. மாமா மட்டும் அறிந்த நாற்றம்.

2008-இல் ஊர்ப்பெரியவர்கள் சேர்ந்து ஃபைபர் தலைக்குப் பணம் போட்டார்கள். பெரியப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது, காகிதத் தலையின் தாடை தொங்கிவிட்டது. எந்தப் பட்டறையில் வாங்கினார்கள் என்பது இங்கே வேண்டாம். வெளியே அப்படி ஒரு வேலை! பல்லும் கண்ணும் பளபளக்கும், மழையில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே கையை விட்ட மாமா உடனே வெளியே எடுத்தார். விரல் முழுக்க முள்.

ஃபைபர் வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அச்சுக்குள் முதலில் ஜெல் கோட் பூசுவார்கள், அது வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக வரும். அதன்மேல் கண்ணாடி நார்ப் பாயை வைத்து, ஹார்ட்னர் கலந்த ரெசினை பிரஷ்ஷால் குத்திக் குத்தி இறக்குவார்கள். அந்தக் கடைசிப் பக்கம்தான் தலையின் உள்பக்கமாக நிற்கிறது. அங்கங்கே நார் நிமிர்ந்து, ஊசி மாதிரி காய்ந்திருக்கும். கோயில் வாசலில் வைக்கிற சிலைக்கு அது போதும். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகிறதே, குப்பத்துக் கங்கம்மா ஜாத்திரையிலும் சிரசு வருகிறதே, அந்தத் தலைகளுக்குள் மனிதன் போவதில்லை. எங்கள் தலைக்குள் போகிறான். பட்டறைக்காரர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை போல. சொன்னார்களோ என்னவோ, நெற்றிக்கு ஒரு துண்டு தெர்மாகோல் மட்டும் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. தலையைப் போட்டுக்கொண்டு மாமா ஒரு வார்த்தை பேசினால் அவர் குரல் அவர் காதிலேயே வந்து மோதியது. மூச்சு விட்டால் துருத்தி ஊதுகிற மாதிரி. ஆர்மோனியம் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் போக, அவருக்குத் தாளமே பிடிபடவில்லை. "கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரி கீதுடா மாப்ளே" என்றார் போனில். திருவிழாவுக்கு இன்னும் ஆறு நாள். முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு வந்தேன். பையில் மூன்று டப்பா. காரின் அடிப்பக்கத்தில் துருப்பிடிக்காமலும் கல் தெறிக்கிற சத்தம் கேட்காமலும் இருக்க அடிப்போமே, அந்தக் கறுப்பு ரப்பர் ஸ்பிரே. தகரத்தின் சத்தத்தை அடக்குகிறது, சிங்கத்தின் சத்தத்தை அடக்காதா என்பது என் கணக்கு.

வீட்டில் நுழைந்ததும் முதல் தடங்கல் அண்ணியிடமிருந்து. "அந்த டப்பாவ இந்தப் பக்கமே கொண்டாராத." உள் அறையில் பட்டுப்புழு நாலாம் தூக்கம் முடித்து இலை தின்றுகொண்டிருந்தது. புழு வளர்க்கிற வீட்டில் ஊதுபத்தி கூட யோசித்துத்தான் ஏற்றுவார்கள். பீடி பிடித்த கையோடு உள்ளே போகிறவனுக்குத் திட்டு விழும். நான் அங்கே நின்று தின்னர் வாடையுள்ள டப்பாவை அமுக்கினால் ஒரு பட்டம் புழுவும் கவிழ்ந்துவிடும். ஒரு மாத உழைப்பு. தலையைத் தூக்கிக்கொண்டு நிலத்துப் பம்புசெட்டுக்குப் போனேன்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன், முதல் பாதி வரை. எண்பது நம்பர் உப்புத்தாளால் உள்பக்கத்தை அலசித் தேய்த்தேன். முகத்தில் கர்ச்சீப், கையில் முழங்கை வரை பவுடர், அப்படியும் ராத்திரியெல்லாம் சொறிந்தேன். தூசியை ஈரத்துணியால் துடைத்து, தின்னரால் ஒரு துடைப்பு. கண், மூக்கு, வாய் ஓட்டைகளுக்கு வெளியிலிருந்து மாஸ்கிங் டேப். வெளிமுகத்துக்கு ஈநாடு பேப்பரைச் சுற்றிக் கட்டினேன். பெரியப்பா இருந்திருந்தால் அந்தப் பேப்பரைப் பசையில் நனைத்து இன்னொரு சிங்கம் செய்திருப்பார்.

காருக்கு அடியில் அடிப்பதற்கும் தலைக்குள் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் முதல் அழுத்திலேயே தெரிந்தது. அங்கே வாடை பறந்துபோகும். இங்கே குழிக்குள் அடித்தது சுழன்று என் முகத்துக்கே திரும்பி வந்தது. கறுப்பு மீசையோடு எழுந்தேன். பிறகு வெளியே கொண்டுவந்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, ஒரு முழம் தள்ளி, விட்டு விட்டு அடித்தேன். முதல் கோட் பனி படிந்த மாதிரிதான் இருக்க வேண்டும், கீழே இருப்பது தெரிய வேண்டும். கால் மணி கழித்து அடுத்தது. நெற்றியில் இருந்த தெர்மாகோலை எடுக்க மறந்திருந்தேன். கண்ணெதிரே அது சுருங்கி, இலந்தை வடை மாதிரி ஆகி உட்கார்ந்துவிட்டது. ரப்பரைக் கரைத்து வைத்திருக்கிற டொலுவீன், சைலீன் வகைத் திரவத்துக்குத் தெர்மாகோல் ஒரு வாய்க்குப் பத்தாது.

அதைச் சுரண்டி எடுத்ததில் நேரம் போயிற்று. பொழுது சாய்ந்தது. இரண்டு கோட்தான் ஆகியிருந்தது, நார் இன்னும் அங்கங்கே விரலுக்குத் தட்டுப்பட்டது. மெல்லிசாக நாலு கோட் போக வேண்டிய இடத்தில் மீதி ஒன்றரை டப்பாவையும் ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. எருமைத் தோல் மாதிரி, கறுப்பாக, சின்னச் சின்னப் புள்ளி எழும்பி. பனியில் வைக்க வேண்டாம் என்று பம்புசெட்டு அறைக்குள், கழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி ஒரு பழைய டயரில் உட்கார வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வந்தேன்.

நாலு தப்பு. கெட்டியாக அடித்தது ஒன்று, அதனால் மேல்தோல் கட்டி அடியில் இருந்த திரவம் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. மூடிய அறை இரண்டு. வாய் மேலே பார்க்க வைத்தது மூன்று. அந்த ஆவி காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரி குழியில் தங்கும். கவிழ்த்துத் தொங்கவிட்டிருந்தால் தானாக இறங்கிப் போயிருக்கும். நாலாவதாக, மறுநாள் சாயங்காலம் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று ஒத்திகைக்குக் கொடுத்தது.

ஒத்திகையில் தூண் இல்லை, திரை மட்டும். அதனால்தான் பிழைத்தோம். மாமா தலையைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், பாட்டு வருவதற்கு முன்னாலேயே எழுந்து வந்தார். தள்ளாடினார். முகவீணைக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஒருத்தி ஓடிப்போய்க் கற்பூரத்தைக் கொண்டுவந்து ஏற்றப்போனாள். "பத்த வெக்காத!" என்று நான் கத்தியது அவர்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை, சாமி வந்த இடத்தில் கற்பூரம் வேண்டாம் என்று சொன்ன பாவி. அந்த ஆவிக்கு நெருப்பு ஆகாது என்பது எனக்கல்லவா தெரியும். தலையைக் கழற்றினேன். மாமா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு தரம் வாந்தி எடுத்தார். கண் சிவந்து நீர் கொட்டியது. தண்ணீர் குடித்து, காற்றில் ஒரு மணி நேரம் படுத்தபிறகு தெளிந்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அருள் வந்துச்சுன்னு சொல்லிக்கிறாங்க. நீ ஒண்ணும் பேசாத" என்றார்.

அடுத்த மூன்று பகலும் தலை மொட்டை வெயிலில் கவிழ்ந்து தொங்கியது. கெட்டியாக இருந்த இடங்களில் பிளேடால் கீறிப் பிரித்துவிட்டேன். கீறிய இடத்தில் மூக்கை வைத்தபோது குப்பென்று அடித்த வாடை இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஒரு நாளைக்கு மேல் அது அங்கேயே பதுங்கியிருந்திருக்கிறது. நாலாம் நாள் வாடை போயிருந்தது. நார் குத்தவில்லை. ஈரத்துணியால் துடைத்தால் வேர்வை போயிற்று, பூசணத்துக்கு இடமில்லை. சத்த விஷயத்தில் ரப்பர் பாதிதான் செய்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். விரலால் சுண்டினால் கிண்ணம் மாதிரி கேட்டது போய், பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி ஆயிற்று. ஓடு அதிர்வது நின்றது. ஆனால் உள்ளே இருக்கிற காற்றின் முழக்கம் அந்த மெல்லிய பூச்சுக்கு அடங்கவில்லை. காதோரம், உச்சி, பின்கழுத்து என்று ஸ்பாஞ்சு வெட்டி ஒட்டியபிறகுதான் மாமாவுக்குத் தாளம் கேட்டது. ரப்பருக்கு இல்லாத இன்னொரு குணம், அது வேர்வையைக் குடிக்காது. நெற்றியிலிருந்து நேராகக் கண்ணுக்குள் இறக்கிவிடும். அதற்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, பெரியம்மா உள்ளே போய் ஒரு பழைய நூல் புடவையை எடுத்துவந்து கிழித்தார். நாலு மடிப்பாக.

திருவிழா ராத்திரி தூண் கிழிந்தபோது வேட்டி நுனியைப் பிடித்திருந்த இரண்டு பேரில் ஒருவன் நான். முப்பத்தெட்டு வயதில் கிடைத்த பதவி. மாமா நன்றாக ஆடினார். ஓர் அடவு தப்பவில்லை. ஆனால் ஊருக்குத் திருப்தி இல்லை. காகிதத் தலைக்குள்ளிருந்து வந்த கர்ஜனை கரகரவென்று இருக்கும். புதுத் தலை வந்த அன்று, ரப்பர் அடிப்பதற்கு முன்னால், கோயில் வாசலில் போட்டுப் பார்த்து மாமா ஒரு சத்தம் கொடுத்தார், தெருநாய்கள் ஓடின. அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். இப்போது வந்தது ஸ்பாஞ்சு வழியாக வந்த கர்ஜனை. "இன்னாய்யா, சிங்கத்துக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். ஒத்திகையில்தான் நிஜமாகச் சாமி வந்தது என்று கிழவிகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். மாமா டீயை ஆற்றிக்கொண்டே, "எனக்குத் தாளம் கேட்டுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதன்பிறகு பத்து வருஷம் அந்தத் தலையைப் போட்டார். இப்போது அவர் மகன் கட்டுகிறான். மைக் வந்து, மைக்கைத் தலைக்குள்ளேயே வைக்கலாமா என்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

போன வருஷம் அக்கா பையன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. காமிக் கான் என்று ஒரு விழாவாம், 'ஸ்டார் வார்ஸ்' படத்து வெள்ளைச் சிப்பாய் வேஷம் கட்டப்போகிறான். 1977-இல் வந்த படம், நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் உறிஞ்ச வைத்து அந்தத் தலைக்கவசத்தைச் செய்கிறார்கள். அதைச் செய்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரருக்கும் படக் கம்பெனிக்கும் வழக்கு நடந்து, அது சிற்பம் ஆகாது, படத்துக்கான ஒரு சாமான்தான் என்று 2011-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதாம். பெரியப்பா செய்த தலையைப் பற்றி நீதிபதிகள் என்ன சொல்லியிருப்பார்களோ. படத்தில் ஒரு சிப்பாய் கதவு மேல்சட்டத்தில் தலையை இடித்துக்கொள்வது உலகப் பிரசித்தம் என்றான் பையன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணோட்டை எங்கே இருக்கிறது, வேர்வை எங்கே இறங்குகிறது என்று உள்ளே இருக்கிறவனுக்கல்லவா தெரியும்.

"உள்ள ரப்பர் ஸ்பிரே அடிக்கலாமா மாமா? பேசினா எதிரொலிக்குது, வெளிச்சம் வேற உள்ள தெரியுது."

அடிக்கலாம் என்றேன். முதலில் ஒரு துண்டுத் தகட்டில் அடித்துப் பார், பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். பனி மாதிரி அடி. தெர்மாகோல் இருந்தால் எடு. கண்ணுக்கு டேப் ஒட்டு. கவிழ்த்துத் தொங்கவிடு, மொட்டை மாடியில், விளக்கு ஏற்றுகிற இடத்திலிருந்து தள்ளி. நெற்றிக்குப் பழைய புடவை கிழித்து வை. அவன் மௌனமாக இருந்தான், எழுதிக்கொண்டிருந்தான் போல.

நாலு நாள் கழித்து ஒரு வேலையாகப் பெங்களூர் போனபோது அவன் ஃபிளாட்டுக்குப் போனேன். மாடியில் துணி காயப்போடுகிற கம்பியில் வெள்ளைத் தலை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"காஞ்சிடுச்சு மாமா, தொட்டுப் பாத்தேன். சனிக்கிழமை போட்டுக்கலாமில்ல?"

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, கம்பிக்குக் கீழே குனிந்து, கழுத்து வழியாக முகத்தை உள்ளே விட்டேன்.

"அடுத்த சனிக்கிழமை" என்றேன்.